நேரில் சரிபார்க்கப்பட்டது

மும்பையில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போன அக்கா, மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, இரண்டு ரயில் மாறி, ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த ஒரு பெரிய கட்டடத்தின் கேட்டுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். எங்கள் மெஷின் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். காவலாளி விரட்டியிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி வராது. காம்பவுண்டு சுவரோரம் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். காஞ்சிபுரம் வந்ததும் ஆபீசில் எங்களிடம் சொன்னார்: "இருக்குதுபா. ஏசி ஓடற சத்தம் கேட்டுது."

அக்கா அப்படித்தான். எதையும் போய் நின்று பார்த்தால்தான் அவருக்கு அது உண்மை. நான் அவரைவிட இரண்டு வயது சிறியவன், அதனால் அக்கா என்பேன். அவரைவிடப் பத்து வயது மூத்த எங்கள் ஓனரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை அவருக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு வாலாஜாபாத்தில் டயர் கடை என்று சொல்லியிருந்தார்கள். அக்கா லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டயர் கடை இருந்தது, மாப்பிள்ளையும் இருந்தார், கடைதான் அவருடையதாக இல்லை. அங்கே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். "பஞ்சர் ஒட்டறது தப்பில்லபா. அத மொதல்லயே சொல்லிட்டு வந்திருந்தா கட்டிக்கினு இருப்பேன்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

எங்கள் ஆபீஸ் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடைக்கு மேல், இரண்டாவது மாடியில். கீழே முகூர்த்தப் புடவை எடுக்க வேன் வேனாக வந்து இறங்குவார்கள். மேலே நாங்கள் ஆறு பேர், வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஏரிகளில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் தயாரிக்கும் வேலை ஒரு அரசு அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வந்திருந்தது. அத்தனை ஏரிகளையும் கையால் வரைந்து முடிக்க எங்களுக்கு ஆயுசு போதாது. அதனால் சில ஏரிகளை மட்டும் நாங்கள் வரைந்து, இது தண்ணீர், இது வயல், இது வீடு என்று மெஷினுக்குக் காட்டுவோம். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மிச்சத்தை அது தானே வரையும். டீப் லேர்னிங் என்று பெயர். பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருக்கும் என் அப்பாவுக்கு இதை மூன்று வருடம் விளக்கிப் பார்த்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "பையன் கம்ப்யூட்டர்ல ஏரி வரையறான்" என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

கற்றுக்கொள்கிற மெஷின் எங்களிடம் கிடையாது. அது வாடகைக்கு எடுத்தது. முழு மெஷின்கூட இல்லை, எங்கோ இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் எங்களுக்கு என்று ஒதுக்கிய ஒரு பங்கு. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். எங்கள் மேசையில் இருப்பது ஒரு கறுப்புத் திரை, அதில் ஓடும் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். இதிலும் எங்கள் ஓனர் எடுத்தது மலிவு ரகம். வேறு யாராவது அதிக வாடகைக்குக் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷினைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதுவரை கற்றதை நடுநடுவே எழுதி வைத்திருந்தால், வேறு மெஷின் கிடைத்ததும் அறுந்த இழையைப் பிணைப்பதுபோல விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எழுதி வைக்காதது போனது போனதுதான். கண்ணால் பார்க்காத ஒன்றை நம்பி எப்படி இத்தனை வேலை கொடுப்பது என்பது அக்காவின் நெடுநாள் மனக்குறை. அதனால்தான் மும்பையில் சுவரோரம் போய் நின்றார்.

வெள்ளிக்கிழமை தோறும் மெஷின் எந்தெந்த இடத்தில் தடுமாறியது என்று ஒரு பட்டியல் எடுப்போம். அந்தப் பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அக்கா கிளம்பிவிடுவார். சர்ச்சுக்குப் போனாலும் பாதிப் பிரசங்கத்தில் எழுந்து போய்விடுவதாக அவர் அம்மாவுக்குக் கோபம். கூரம் பக்கத்தில் ஒரு குளத்தை மெஷின் புல்தரை என்றது. அக்கா போய் இறங்கிப் பார்த்தார். ஆகாயத்தாமரை மூடியிருந்ததே தவிர, அடியில் தண்ணீர் இருந்தது. திங்கட்கிழமை அவர் நோட்டைப் பார்த்தால், 'முட்டி வரை' என்று எழுதியிருக்கும். அவர் அளவுகோல் அவர் கால்தான். கணுக்கால், முட்டி, இடுப்பு என்று நாங்களும் அப்படியே ஒரு கட்டத்தில் ஏற்றிவிடுவோம். அக்கா ஐந்தடிக்கும் கீழே. "நான் போயிருந்தா எல்லா ஏரியும் கணுக்கால்தான்கா" என்று ஓனர் கிண்டல் செய்வார். "அப்ப போயிட்டு வாங்க சார்" என்பார் அக்கா. ஓனர் போனதே இல்லை. நானும் போனதில்லை.

அவர் நின்று பார்த்துவிட்டு வந்த இடங்களுக்கு 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு, பக்கத்தில் அவர் பெயர். மற்ற இடங்களைவிட இந்த இடங்களுக்கு மூன்று மடங்கு மதிப்புக் கொடு என்று மெஷினுக்குச் சொல்லும் வரியை எழுதியவன் நான். அந்த வரியை எழுதிய அன்று எனக்கு அவ்வளவு பெருமை. அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் செய்த மரியாதை என்றே நினைத்தேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஐயம்பேட்டை பக்கம் பிளாட் போட்டு விற்கும் ஒருவர் ஒரு நாள் ஸ்வீட் பாக்ஸோடு மாடியேறி வந்தார். அவருடைய பிளாட்டுகளில் ஒரு மூலை எங்கள் வரைபடத்தில் ஏரிக்குள் வருகிறதாம். சின்னத் திருத்தம்தான், மவுஸை இப்படி இழுத்தால் போதுமாம். ஓனர் இல்லை என்றும் சொல்லாமல் ஆமாம் என்றும் சொல்லாமல் நெளிந்துகொண்டிருந்தார். அக்கா அந்த ஸ்வீட் பாக்ஸை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, சாயங்காலம் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு விதி போட்டார். மெஷின் வரைந்து கொடுத்த பிறகு அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. தப்பு என்று தோன்றினால் கற்றுக்கொடுத்ததைத் திருத்து, மறுபடி ஓட்டு. அதன்பிறகு என்ன வருகிறதோ அதுதான். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். வேலை கொடுத்த அலுவலகத்துக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துப்போய் ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

அக்காவின் வீடு ஊரைத் தாண்டி, ஒரு ஏரியை ஒட்டிய காலனியில். இதை நான் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது: நான்கு வருடத்தில் பொங்கலுக்கு மூன்று முறை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார், நான் அவர் வீட்டுக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. அவர் கூப்பிட்டிருக்கிறார். ஏதோ ஒரு வேலை வந்துவிடும். எங்கள் வீட்டில் யாரும் போகாதே என்று சொன்னதில்லை, போயிட்டு வா என்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அந்தத் தெருவை மேலிருந்து நூறு தடவை பார்த்திருப்பேன். எங்கள் படங்களில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டர். அவர் தெரு மொத்தமே பதினோரு புள்ளி. "இந்தப் புள்ளி எங்க வூடு. பாதி பக்கத்து வூடு" என்று ஒரு நாள் திரையைத் தொட்டுக் காட்டினார்.

முதல் பதிப்பைத் திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஏரிக்குள் இருக்கும் வீடுகள் எவை என்று அதை வைத்துத்தான் நோட்டீஸ் கொடுக்கப் போகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, முழு மாவட்டமும் ஓடி முடிந்து வந்தது. அக்கா வழக்கம்போல முதலில் தன் தெருவைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார். பதினோரு புள்ளியும் தண்ணீர் என்று வந்திருந்தது.

முதலில் சிரித்தார். "இன்னாபா இது, எங்கம்மா நீச்சலடிக்குதா உள்ள?" என்றார். பிறகு ஏன் இப்படி வந்தது என்று தேட உட்கார்ந்தோம். மத்தியானத்துக்குள் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

முந்தைய மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் அடைத்துக்கொண்டு, இரண்டு நாள் அக்காவின் தெருவுக்குள் தண்ணீர் நின்றது. இரண்டாம் நாள் மேகம் விலகி ஒரு மணி நேரம் வெயில் அடித்திருக்கிறது. சரியாக அந்த நேரத்தில் செயற்கைக்கோள் மேலே கடந்துபோய்ப் படம் எடுத்திருக்கிறது. மழை நாளில் மேகமில்லாத படம் என்பது எங்கள் தொழிலில் புதையல். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் படம் எடுத்த நேரத்தில் அவர் தன் வீட்டு வாசலில், முட்டி வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். இதைவிட நேரில் எப்படிச் சரிபார்ப்பது? தெரு மொத்தத்தையும் அவரே தண்ணீர் என்று வரைந்து, 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று போட்டு, தன் பெயரையும் எழுதியிருந்தார். பத்து மீட்டர் புள்ளியில் கூரையையும் சந்தில் நிற்கும் தண்ணீரையும் பிரிக்க முடியாது. அந்தக் கரையோரத்து ஷீட்டுக் கூரை என்றாலே தண்ணீர்தான் என்று மெஷின் கற்றுக்கொண்டது. அதுவும் சாதாரணமாக இல்லை, என் வரியின் புண்ணியத்தில் மூன்று மடங்கு உறுதியாக.

"நான் பொய் எழுதலியேபா. தண்ணி இருந்துதே" என்றார் அக்கா.

தப்பான பாடத்தை எடுத்துவிட்டு, மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். ஓட ஒன்றரை நாள் பிடிக்கும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். நேரம் போதும் என்றுதான் நினைத்தோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெஷினைப் பிடுங்கிக்கொண்டார்கள். பரவாயில்லை, எழுதி வைத்ததிலிருந்து தொடரலாம் என்று புது மெஷின் கேட்டால், இப்போதைக்கு இல்லை என்று பதில் வந்தது. அரை மணிக்கு ஒருமுறை கேட்டோம். அதே பதில். ஓனரைக் கெஞ்சி, யாரும் பிடுங்க முடியாத முழு வாடகை மெஷினைக் கேட்டோம். உங்கள் கணக்குக்கு அதைத் தர அனுமதி இல்லை, விண்ணப்பம் போடுங்கள், திங்கட்கிழமை பார்ப்போம் என்றது திரை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எதிரில் ஆள் இருந்தால் சத்தம் போடலாம், அழலாம், காலில் விழலாம். எங்களிடம் இருந்தது ஒரு கறுப்புத் திரை. அக்கா என்னிடம், "மும்பைக்கே போய் நின்னாலும் ஆவாதில்ல?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மெஷின் கிடைத்து, மூன்று மணி நேரம் ஓடிவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை இன்னொன்று வந்தது. அன்று அக்கா சர்ச்சுக்கும் போகவில்லை, ஏரிக்கும் போகவில்லை. என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள், பிறகு வேறு மெஷின் கிடைக்கவில்லை. எங்கள் ஓனர் லீவு நாள் என்றும் பார்க்காமல் அந்த அலுவலகத்து அதிகாரிகளுக்குப் போன் செய்து, இந்த ஒரு இடம் சந்தேகமாக இருக்கிறது, இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டார். முதல் பதிப்பு தேதிக்குள் வந்தாக வேண்டும், திருத்தம் இருந்தால் இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. இன்னும் கால்வாசி பாக்கி. நான் பழைய வரைபடத்தைத் திறந்து அந்தத் தெருவைப் பெரிதாக்கினேன். பதினோரு புள்ளி. பத்து விநாடி வேலை.

"அக்கா, நான் மாத்திடறேன். யாருக்கும் தெரியாது."

அவர் என் கையைப் பிடிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "வேணாம்பா" என்றார். "இன்னிக்கி எங்க தெருவுக்குக் கை வெச்சா, நாளைக்கி அந்த ஸ்வீட் பாக்ஸ்காரன் வந்து நிப்பான். அவன இன்னா சொல்லித் திருப்பி அனுப்புவ?"

"அவன் சொன்னது பொய்க்கா. இது நிஜம். நீங்க தினம் தூங்கி எழுந்திருக்கிற இடம்."

"எனக்குத் தெரியும்பா. கைய எடு."

எடுத்துவிட்டேன். எத்தனையோ விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதவன் அதைக் கேட்டேன். அவர் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போன அந்தக் கால் மணி நேரத்திலாவது மாற்றியிருக்கலாம். செய்யவில்லை. நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை. பயம் என்றால்தான் பொருந்துகிறது. பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தப் பழைய வரைபடத்தை அப்படியே நான்தான் அனுப்பினேன். அனுப்புகிற வேலை என்னுடையது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெஷின் ஓடி முடித்தது. அக்காவின் தெரு பதினோரு புள்ளியும் வீடு என்று, ஒன்று பிசகாமல் வந்தது. உடனே அனுப்பினோம். பெற்றுக்கொண்டோம், இரண்டாம் பதிப்பில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

கதவு கதவாக நோட்டீஸ் ஒட்டிய பிறகு விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். அக்கா என்னையும் வரச் சொன்னார். தெருவிலிருந்து முப்பது பேர் வீட்டு வரி ரசீதும் கரண்ட் கார்டும் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா தன் நோட்டையும், செவ்வாய்க்கிழமை வந்த வரைபடத்தின் பிரிண்டையும் எடுத்துப் போயிருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.

"நேரில் சரிபார்க்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. இது உங்க பேர்தானம்மா?"

"ஆமா சார்."

"நீங்களே போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். அன்னிக்கித் தண்ணி இருந்துது. மழத்தண்ணி சார் அது, ரெண்டு நாள்ல வடிஞ்சிடுச்சி."

"இருந்ததா இல்லையாம்மா?"

"இருந்துது சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வரைபடத்தை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அது விசாரணைக் கோப்பில் இல்லாத ஆவணம் என்றார். நான் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். நீங்க யாரு என்று கேட்டார்கள். அனுப்பியவன் என்று சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவன் என்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவின் தெருவில் நான் முதன்முதலாகக் கால் வைத்தது அந்த ஏப்ரலில், ஜேசிபி வந்த அன்று. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, தெருவில் புழுதி. கையில் டேப்லெட் வைத்திருந்த பையன் ஒவ்வொரு வாசலிலும் நின்று, திரையைப் பார்த்து, சுண்ணாம்பில் எண் போட்டுக்கொண்டே போனான். அக்காவின் வீடு பச்சைப் பெயின்ட் அடித்த இரண்டு அறை வீடு. அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாபா, இப்பதான் வழி தெரிஞ்சுதா" என்றார். கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பீரோவைத் தூக்க ஒரு கை கொடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அவர்களுக்கு வாலாஜாபாத்தைத் தாண்டி எங்கோ நான்காவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து காஞ்சிபுரத்துக்குப் பஸ் மாறி வர இரண்டு மணி நேரம். ஒரு மாதம் வந்து பார்த்தார், பிறகு நின்றுவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி, எல்லாவற்றையும் திரையிலேயே பார்த்து முடித்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் எங்கேயும் போவதில்லை. 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தை ஓனர் எடுத்துவிட்டார். மூன்று மடங்கு என்ற வரியை நான் அழித்துவிட்டேன்.

இரண்டாம் பதிப்புக்கு அந்த வருடக் கோடையில் எடுத்த புதிய படங்களை வைத்து ஓட்டினோம். இந்த முறை மெஷினை யாரும் பிடுங்கவில்லை, ஒரே ஓட்டத்தில் முடிந்தது. அன்றைக்குப் பார்த்து அக்கா போன் செய்தார். அம்மாவுக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நின்றுகொண்டிருப்பதாகச் சொன்னார். முட்டி வலி, மாடி ஏற முடியவில்லை, தண்ணீர் லாரி, இப்படி என்னென்னவோ பேசிவிட்டு, போனை வைக்கிற நேரத்தில் கேட்டார்.

"ரெண்டாவது வந்துடுச்சாபா? எங்க தெரு இன்னான்னு வருது?"

திரையில் திறந்துதான் வைத்திருந்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவரிடம் சொல்ல முடியாது.

"காலி நிலம்னு வருதுக்கா."

மருந்துக் கடையில் யாரோ சில்லறை கேட்கும் சத்தம் கேட்டது.

"கரெக்டாதான் சொல்லுது" என்றார் அக்கா.

அன்று சாயங்காலமே அந்தப் பதிப்பை அனுப்பிவிட்டோம். அதில் திருத்த வேண்டியது எதுவும் இருக்கவில்லை.